கையெழுத்துப் போட்ட பிறகு: ஆப்பிரிக்க அரசுகளிடம் கணக்குக் கேட்கும் வழிகள்

2001 ஏப்ரலில் நைஜீரியத் தலைநகர் அபுஜாவில் கூடிய ஆப்பிரிக்க நாட்டுத் தலைவர்கள், ஆண்டு பட்ஜெட்டில் குறைந்தது 15 சதவீதத்தைச் சுகாதாரத்துக்கு ஒதுக்குவதை இலக்காகக் கொள்வோம் என்று அறிவித்தார்கள். 2003 ஜூலையில் மொசாம்பிக் தலைநகர் மபூட்டோவில் கூடியபோது, ஐந்து ஆண்டுக்குள் பட்ஜெட்டில் 10 சதவீதம் விவசாயத்துக்கு என்றார்கள். அதே மாநாட்டில் பெண்களின் உரிமைகளுக்கான ஒரு நெறிமுறையையும் ஏற்றார்கள். மபூட்டோ நெறிமுறை என்று சுருக்கமாகச் சொல்வது இதைத்தான்.

மூன்றுமே வாக்குறுதிகள்தான். ஆனால் முதல் இரண்டும் பிரகடனங்கள், மூன்றாவது உடன்படிக்கை. பிரகடனத்தை மீறிய அரசை எந்த நீதிமன்றத்துக்கும் இழுக்க முடியாது. நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்கலாம், எண்களை எடுத்துப் போட்டுச் சங்கடப்படுத்தலாம், அவ்வளவுதான். உடன்படிக்கையை மீறினால் அறிக்கை கேட்கலாம், ஆப்பிரிக்க மனித உரிமை ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், சில நாடுகளில் சர்வதேச நீதிமன்றம் வரை போகலாம். கையில் இருப்பது இரண்டில் எது என்று பார்க்காமல் வேலையைத் தொடங்குவதுதான் இந்தத் துறைக்குப் புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் பிழை. பிரகடனத்தை வைத்துக்கொண்டு வழக்குப் போடக் கிளம்புவார்கள். இல்லாவிட்டால், வழக்கே போடக்கூடிய உடன்படிக்கையை வைத்துக்கொண்டு பேரணியோடு நின்றுவிடுவார்கள்.

ஆப்பிரிக்க ஒன்றியத்தில் 55 நாடுகள் உறுப்பினர்கள். 1963-ல் தொடங்கிய ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் வாரிசாக 2002-ல் டர்பன் நகரில் அது முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது. தலைமையகம் எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபா. அறிவிப்புகளுக்கு அங்கே என்றுமே பஞ்சமில்லை. எதை எந்தக் கதவில் தட்டிக் கேட்பது என்பதுதான் சிக்கல்.

கையெழுத்து வேறு, கடமை வேறு

ஓர் உடன்படிக்கை நான்கு படிகளைத் தாண்டி வருகிறது. முதலில் உச்சி மாநாடு அதன் வாசகத்தை ஏற்கிறது. பிறகு ஒவ்வொரு நாடும் கையெழுத்திடுகிறது. அதன்பின் அந்தந்த நாட்டின் நாடாளுமன்றமோ அமைச்சரவையோ அதை முறைப்படி அங்கீகரிக்கிறது. கடைசியாக, அங்கீகாரப் பத்திரத்தை ஒன்றியத்தின் செயலகமான ஆப்பிரிக்க ஒன்றிய ஆணையத்திடம் ஒப்படைக்கிறார்கள். நிச்சயதார்த்தம் முடிந்ததாலேயே கல்யாணம் ஆகிவிடாது. அதுபோல, கையெழுத்து போட்ட நாட்டை உடன்படிக்கை முழுதாகக் கட்டுப்படுத்துவதில்லை. அங்கீகாரம் கொடுத்துப் பத்திரத்தையும் ஒப்படைத்த பிறகுதான் அது கட்டும். நாடாளுமன்றம் ஒப்புதல் கொடுத்தும் பத்திரம் ஏதோ ஓர் அமைச்சகத்தின் மேசையில் கிடந்து தூசு படிவது உண்டு. அந்தக் கட்டத்தில் ஒரு கடிதம், ஒரு தொலைபேசி அழைப்பு, ஒரு நாடாளுமன்றக் கேள்வி போதும், வேலை நகர்ந்துவிடும். இந்தத் துறையில் இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் வெற்றி வேறு கிடையாது.

ஆப்பிரிக்க ஒன்றியம் ஒவ்வோர் உடன்படிக்கைக்கும் ஒரு நிலைப் பட்டியல் வெளியிடுகிறது. நாட்டின் பெயருக்கு எதிரே மூன்று தேதிகள்: கையெழுத்து, அங்கீகாரம், ஒப்படைப்பு. எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று பார்த்தாலே அடுத்து யாரிடம் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும். கையெழுத்தே இல்லையென்றால் வெளியுறவு அமைச்சகம். அங்கீகாரம் இல்லையென்றால் நாடாளுமன்றக் குழு, சட்டத் துறை.

ஓர் உடன்படிக்கை உயிர்பெற எத்தனை நாடுகள் வேண்டும் என்பதும் அதிலேயே எழுதியிருக்கும். மனம் இருந்தால் எவ்வளவு வேகமாக நடக்கும் என்பதற்கு, ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதற்குமான தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் சாட்சி. 2018 மார்ச்சில் கிகாலியில் கையெழுத்தாகி, தேவையான 22 நாடுகளின் அங்கீகாரத்தோடு 2019 மே 30-ல் அமலுக்கு வந்தது. இணையப் பாதுகாப்பு, தனிநபர் தரவு பற்றிய மாலபோ உடன்படிக்கைக்கு 15 நாடுகளே தேவை. 2014-ல் ஏற்கப்பட்ட அது 2023 ஜூன் 8-ல்தான் அமலானது. மக்கள் கண்டம் முழுக்கத் தடையின்றிப் போய்வர வகை செய்யும் நெறிமுறையும் 2018-ல் வந்ததுதான். முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் கையெழுத்திட்டன. ஆண்டுகள் கழித்தும் அங்கீகரித்தவை ருவாண்டா, நைஜர், மாலி, சாவோ டோமே பிரின்சிபே ஆகிய நான்குதான். சரக்கு எல்லை தாண்டலாம், ஆள் தாண்டக் கூடாது என்பதுதான் பல அரசுகளின் உள்ளக்கிடக்கை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்தக் கட்டத்தில் ஆப்பிரிக்கப் பெண்கள் அமைப்புகள் செய்த ஒரு வேலையைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். மபூட்டோ நெறிமுறைக்காக ஒன்றுசேர்ந்த அமைப்புகளின் கூட்டணி, 2004-ல் கால்பந்து நடுவர் பாணியில் வண்ண அட்டைகள் அச்சடித்தது. அங்கீகரித்த நாட்டுக்குப் பச்சை, கையெழுத்து மட்டும் போட்ட நாட்டுக்கு மஞ்சள், இரண்டும் செய்யாத நாட்டுக்குச் சிவப்பு. கால்பந்து வெறி பிடித்த கண்டத்தில் இதற்கு விளக்கவுரையே தேவைப்படவில்லை. கோமோரோஸ் என்ற குட்டித் தீவு நாடு முதலில் அங்கீகரித்தது. பதினைந்தாவது நாடும் பத்திரத்தை ஒப்படைத்து முப்பது நாள் கழித்து, 2005 நவம்பர் 25-ல் நெறிமுறை அமலுக்கு வந்தது. ஏற்கப்பட்டு இரண்டரை ஆண்டு கூட ஆகவில்லை.

அங்கீகரித்த நாடுகளிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘இந்தப் பிரிவு மட்டும் எங்களைக் கட்டுப்படுத்தாது’ என்று எழுதி வைத்துவிட்டு அங்கீகரிக்க முடியும். கென்யா 2010-ல் மபூட்டோ நெறிமுறையை அங்கீகரித்தபோது இரண்டு இடங்களில் அப்படி விலக்கு எழுதியது. ஒன்று, குறிப்பிட்ட சூழல்களில் கருக்கலைப்புக்கு இடம் தரும் 14(2)(சி). மற்றொன்று, ராணுவச் செலவைக் கணிசமாகக் குறைத்துச் சமூக வளர்ச்சிக்கு, அதிலும் பெண்கள் முன்னேற்றத்துக்குத் திருப்பச் சொல்லும் 10(3). முதலாவது பற்றி எல்லோரும் பேசுவார்கள். இரண்டாவது பலர் கண்ணில் படுவதே இல்லை. விலக்குப் பட்டியலைப் படிக்காமல் புகார் எழுதினால் அரசு வழக்கறிஞர் ஒரே வரியில் முடித்துவிடுவார்.

உள்நாட்டுச் சட்டத்தில் அது எங்கே இருக்கிறது?

சில நாடுகளில் அங்கீகரித்த உடன்படிக்கை தானாகவே நாட்டின் சட்டமாகிவிடும். கென்யாவின் 2010 அரசியல் சாசனம் பிரிவு 2(6) அப்படித்தான் சொல்கிறது. நைஜீரியாவில் அது நடக்காது: அரசியல் சாசனத்தின் 12-வது பிரிவுப்படி, நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றினால்தான் உடன்படிக்கைக்கு உள்நாட்டில் பலம். இந்தியாவிலும் இதே முறைதான் என்பதால் இது நமக்குப் புதிதில்லை. மனித உரிமைகளுக்கான ஆப்பிரிக்க சாசனத்தை நைஜீரியா 1983-லேயே தனிச்சட்டம் ஆக்கிவிட்டது. அதனால் அங்கே ஒரு சாதாரண உயர் நீதிமன்றத்திலேயே அந்தச் சாசனத்தைக் காட்டி வாதாடலாம். மபூட்டோ நெறிமுறைக்கு அந்த வசதி இல்லை. குழந்தைகள் விஷயத்தில் 2003-ல் மத்தியில் சட்டம் வந்தது. ஆனால் அது மாநில அதிகாரம் என்பதால் ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே நிறைவேற்ற வேண்டியிருந்தது. வடக்கு மாநிலங்கள் சில இருபது ஆண்டு இழுத்தன.

பிரெஞ்சுச் சட்ட மரபில் வந்த நாடுகளில் உடன்படிக்கை உள்நாட்டுச் சட்டத்துக்கும் மேலே. காகிதத்தில் இது பிரமாதமாகத்தான் இருக்கிறது. மாலியில் என்ன நடந்தது என்று பாருங்கள்.

2009-ல் மாலி நாடாளுமன்றம் ஒரு குடும்பச் சட்டத்தை நிறைவேற்றியது. மத அமைப்புகள் பெருந்திரளாகத் தெருவில் இறங்கின. அரசு பின்வாங்கி, 2011-ல் வேறொரு வடிவத்தைக் கொண்டுவந்தது. அதில் பெண்ணின் திருமண வயது 16. சிறப்பு அனுமதியோடு 15. வாரிசுரிமையில், வேறுவிதமாக எழுதிவைக்காவிட்டால் மதச் சட்டமோ வழக்காறோ பொருந்தும். மாலியே அங்கீகரித்திருந்த மபூட்டோ நெறிமுறையின் 6-வது பிரிவு திருமண வயது 18 என்கிறது. 21-வது பிரிவு பெண்களுக்குச் சொத்தில் சமப் பங்கு என்கிறது. இரண்டு மனித உரிமை அமைப்புகள், மனித உரிமை வழக்குகளை விசாரிக்கும் ஆப்பிரிக்க நீதிமன்றத்துக்குப் போயின. மக்கள் எதிர்ப்பு கட்டுக்கடங்காமல் போனதால் வேறு வழியில்லை என்று அரசு வாதிட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. 2018 மே 11-ல், மாலி உடன்படிக்கைகளை மீறிவிட்டது, சட்டத்தைத் திருத்து, இரண்டு ஆண்டுக்குள் அறிக்கை கொடு என்று தீர்ப்பு வந்தது. மபூட்டோ நெறிமுறையை மீறியதாக அந்த நீதிமன்றம் அளித்த முதல் தீர்ப்பு இது. மாலியின் அரசியல் சாசனப்படி உடன்படிக்கைதான் மேலே. ஆனாலும் அதற்கு நேர்மாறான சட்டம் தீர்ப்பு வரும்வரை ஆறு ஆண்டுக்கு மேல் அமலில் இருந்தது. அதனால் ‘எங்கள் நாட்டில் உடன்படிக்கை தானாகவே சட்டம்’ என்று அதிகாரி சொன்னால் அதோடு திரும்பிவிட வேண்டாம். குடும்பச் சட்டம், குற்றவியல் சட்டம், நிலச் சட்டம் மூன்றையும் எடுத்து, உடன்படிக்கையின் பிரிவுகளோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை.

எதிர்த்திசையிலும் நடக்கும் என்பதற்கு காம்பியா உதாரணம். பெண் உறுப்புச் சிதைப்பை 2015-ல் தடைசெய்த அந்த நாட்டில், தடையை நீக்கும் மசோதா 2024-ல் வந்தது. அந்த ஆண்டு ஜூலை 15-ல் நாடாளுமன்றம் அதைத் தோற்கடித்தது. கிடைத்த சட்டத்தைக் காப்பதும் கணக்குக் கேட்பதில் சேர்த்திதான்.

அறிக்கை: இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வாய்ப்பு

ஆப்பிரிக்க சாசனம் 1981-ல் ஏற்கப்பட்டு 1986 அக்டோபர் 21-ல் அமலானது. அதன் 62-வது பிரிவுப்படி ஒவ்வொரு நாடும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, என்ன செய்தோம் என்று அறிக்கை தர வேண்டும். அதைப் பரிசீலிப்பது காம்பியாவின் பஞ்சுல் நகரில் இருக்கும் 11 பேர் கொண்ட மனித உரிமை ஆணையம். மபூட்டோ நெறிமுறையின் 26-வது பிரிவு அதே அறிக்கையில் பெண்கள் உரிமைக்கும் கணக்குச் சொல்லச் சொல்கிறது. குழந்தைகளுக்குத் தனி சாசனம், தனி நிபுணர் குழு (இப்போது லெசோத்தோவின் மசேருவில்): முதல் அறிக்கை இரண்டு ஆண்டுக்குள், அடுத்தவை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை.

நடைமுறையில் தாமதம்தான் விதி. பல ஆண்டு பாக்கியை ஒரே அறிக்கையில் கட்டித் தருவது சர்வசாதாரணம். தருகிற அறிக்கையும் பெரும்பாலும் சட்டங்களின் பட்டியலாக இருக்கும்: இந்தச் சட்டம் இயற்றினோம், அந்தக் கொள்கை வகுத்தோம், இன்ன குழு அமைத்தோம். எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது என்ற எண் இருக்காது.

அங்கேதான் நிழல் அறிக்கைக்கு வேலை. அரசு அறிக்கை ஆணையத்தில் வெளியானதும், உள்நாட்டு அமைப்புகள் தங்கள் தரப்பைத் தனியாக எழுதி அனுப்பலாம். ஆணையர்கள் அரசுப் பிரதிநிதிகளிடம் கேட்கும் கேள்விகள் பல இதிலிருந்துதான் எடுக்கப்படும். பயன்படுகிற நிழல் அறிக்கை ஒரு விஷயத்துக்கு நான்கு வரிகளில் முடியும்: எந்தப் பிரிவு, அரசு அறிக்கை எந்தப் பத்தியில் என்ன சொல்கிறது, உண்மை நிலை என்ன (அரசின் சொந்தக் கணக்கெடுப்பு அல்லது தணிக்கை அறிக்கையிலிருந்து), ஆணையம் என்ன கேட்க வேண்டும். கடைசி வரியை நேரடியாகக் கேள்வியாகவே எழுதிக் கொடுப்பது நல்லது. எண்பது பக்கம் எழுதி அமர்வுக்கு முந்தின வாரம் அனுப்பினால் யாரும் படிக்கப்போவதில்லை. ஆதாரத்துக்கு அரசின் ஆவணங்களையே பிடித்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு அமைப்பின் எண்ணைக் காட்டினால் அது தவறு என்பார்கள். தங்கள் தலைமைத் தணிக்கையாளரின் எண்ணை அப்படித் தள்ள முடியாது.

அமர்வில் நேரில் பேச ஆணையத்தின் பார்வையாளர் தகுதி வேண்டும். அதைப் பெற்ற அமைப்புகளும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தங்கள் செயல்பாட்டு அறிக்கையைத் தர வேண்டும். ஊருக்கு உபதேசம் செய்பவர்கள் தங்கள் அறிக்கையை மறந்து தகுதியைச் சிக்கலில் மாட்டிக்கொள்வது வேடிக்கைதான், ஆனால் நடக்கிறது. அரசியல் அழுத்தமும் உண்டு. ஒன்றியத்தின் நிர்வாகக் குழு கொடுத்த நெருக்கடியால், ஒரு பாலின ஈர்ப்புப் பெண்களின் கூட்டமைப்பு ஒன்றுக்கு 2015-ல் கொடுத்த தகுதியை ஆணையம் 2018-ல் திரும்பப் பெற்றது.

பரிசீலனை முடிந்து ஆணையம் இறுதிக் கருத்துகளை வெளியிடும். பெரும்பாலான அமைப்புகள் இங்கே மூட்டை கட்டிவிடுகின்றன. உண்மையில் அந்த ஆவணத்தைப் பரிந்துரை பரிந்துரையாகப் பிரித்து, எந்த அமைச்சகத்தின் பொறுப்பு, எந்தத் தேதி என்று அட்டவணை போட்டு, நாடாளுமன்றக் குழுவின் கையில் கொடுக்க வேண்டும். இரண்டு ஆண்டு கழித்து வரும் அடுத்த நிழல் அறிக்கைக்கு அந்த அட்டவணையே பாதி வேலை.

சதவீதம் போடும்போது கவனம்

மறுபடியும் அபுஜாவின் 15 சதவீதத்துக்கு வருவோம். பார்க்க எளிதான எண். ஆனால் எதில் 15, எதையெல்லாம் சேர்த்து 15 என்று பிரகடனம் சொல்லவில்லை. அந்த ஓட்டையில் எவ்வளவு புகலாம் என்று ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம்.

ஒரு நாட்டின் சொந்த பட்ஜெட் 1000 கோடி. அதில் கடன் வட்டி 300 கோடி. சுகாதாரத்துக்கு அரசு ஒதுக்கியது 90 கோடி. இதுபோக வெளிநாட்டு உதவியாகச் சுகாதாரத்துக்கு 60 கோடி வருகிறது. நேரான கணக்கு: ஆயிரத்தில் 90, அதாவது 9 சதவீதம். உதவிப் பணத்தை இரு பக்கமும் சேர்த்தால் 1060-ல் 150, சுமார் 14 சதவீதம். உதவியைச் சேர்க்காமல் வட்டியை மட்டும் கழித்தால் 700-ல் 90, ஏறத்தாழ 13. இரண்டையும் செய்தால் 760-ல் 150, கிட்டத்தட்ட 20 சதவீதம், இலக்கைத் தாண்டியாயிற்று! நோயாளிக்குக் கூடுதலாக ஒரு மாத்திரை கூடக் கிடைக்காமலே 9 இருபது ஆகிவிட்டது. இன்னொரு பக்கம், அந்த 90 கோடியில் ஆண்டு முடிவில் உண்மையில் செலவானது 63 கோடி என்றும், மொத்த அரசுச் செலவு 950 கோடி என்றும் வைத்துக்கொண்டால், உண்மையான பங்கு 6.6 சதவீதம்தான்.

ஆகவே கணக்குக் கேட்பவர் முதலில் தன் சூத்திரத்தை எழுதி வெளியிட வேண்டும். உள்நாட்டுப் பணம் மட்டுமா, வட்டியோடா வட்டி நீங்கலாகவா, ஒதுக்கீடா செலவா. ஒருமுறை முடிவு செய்த சூத்திரத்தை ஆண்டுக்கு ஆண்டு மாற்றக் கூடாது. உள்நாட்டுப் பணம், வட்டி உட்பட்ட மொத்தம், தணிக்கையான செலவு என்பதே நேர்மையான தேர்வு என்பது எங்கள் கருத்து. ‘எங்கள் பட்ஜெட்’ என்று தலைவர்கள் வாக்குக் கொடுத்தபோது அடுத்தவர் பணத்தைச் சொல்லியிருக்க நியாயமில்லை. ஆனால் வட்டிச் சுமை கழுத்தை நெரிக்கும் நாட்டில், வட்டி நீங்கிய எண்ணையும் பக்கத்தில் காட்டுவது நியாயம்.

இன்னொரு பொறி, அதிகாரப் பகிர்வு. கென்யாவில் 2013-லிருந்து மருத்துவமனைகளில் பெரும்பாலானவற்றை 47 மாவட்ட அரசுகளே நடத்துகின்றன. தேசிய சுகாதார அமைச்சகத்தின் ஒதுக்கீட்டை மட்டும் பார்த்தால் படுகுறைவாகத் தெரியும். அதை வைத்து அறிக்கை விட்டால் அரசு சிரித்துக்கொண்டே திருத்தம் வெளியிடும். நாற்பத்தேழு பட்ஜெட்டையும் கூட்டித்தான் ஆக வேண்டும். அலுப்பான வேலை, குறுக்கு வழி இல்லை.

விவசாயத்தில் இந்தக் கணக்கை ஒன்றியமே போடுகிறது. அந்த வகையில் அபுஜாவை விட ஒரு படி மேல். 2003-ன் 10 சதவீத வாக்கை 2014-ல் மாலபோ பிரகடனம் (மேலே சொன்ன இணைய உடன்படிக்கை அல்ல) புதுப்பித்து, 2025-க்குள் பசியை ஒழிப்பது உட்பட ஏழு உறுதிமொழிகளாக்கியது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு நாட்டுக்கும் 10-க்கு மதிப்பெண் போட்டு உச்சி மாநாட்டிலேயே வைக்க ஏற்பாடு செய்தார்கள். இறுதி ஆண்டு நெருங்க நெருங்கத் தேர்ச்சிக் கோடும் உயரும். 2018-ல் கோடு 3.94, அறிக்கை தந்த 47 நாடுகளில் 20 தேறின. 2020-ல் 6.66, ருவாண்டா, மொராக்கோ, மாலி, கானா நான்கு மட்டும். 2022-ல் 7.28, ருவாண்டா ஒன்றுதான். 2024-ல் 9.29, ஒரு நாடும் இல்லை. இதைப் படிக்கும்போது ஒரு நுணுக்கம்: 2018-ல் ‘சரியான பாதையில்’ என்று பாராட்டு வாங்கிய பல நாடுகள் பிறகு கீழே இறங்கிவிடவில்லை. மதிப்பெண் கொஞ்சம் ஏறியிருக்கும், கோடு அதைவிட வேகமாக ஏறியது. ‘நாங்கள் முன்னேறியிருக்கிறோம்’ என்று அமைச்சர் சொல்வதும் உண்மை, ‘தோற்றுவிட்டீர்கள்’ என்று விவசாயச் சங்கம் சொல்வதும் உண்மை. 2025 ஜனவரியில் கம்பாலாவில் 2026 முதல் 2035 வரைக்கான புதிய பிரகடனம் வந்தது. பழைய 10 சதவீதம் அதிலும் இருக்கிறது.

இந்த மதிப்பெண்களுக்கு மூலத் தரவு தருவது அரசுகளேதான். எனவே உங்கள் நாட்டின் தரவைத் தொகுக்கும் குழு எந்த அமைச்சகத்தில் உட்காருகிறது, சரிபார்ப்புக் கூட்டம் எப்போது என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு அங்கே இடம் கேட்க வேண்டும். மதிப்பெண் வந்த பிறகு கத்துவதைவிட எண் உள்ளே போகும்போதே பார்ப்பது மேல்.

நாடுகள் ஒன்றையொன்று பரிசீலிக்கும் முறை ஒன்றும் 2003-லிருந்து இருக்கிறது. விருப்பமுள்ள நாடு மட்டும் சேரலாம். அதன் அறிக்கை 2007-லேயே தென்னாப்பிரிக்காவில் வெளிநாட்டவர் மீதான வெறுப்பு வளர்வதாக எச்சரித்தது. அரசு மறுத்தது. 2008 மே மாதம் கலவரம் வெடித்தது. நோயைச் சரியாகக் கண்டுபிடிக்கத் தெரிந்த அமைப்பு. மருந்து கொடுக்கும் அதிகாரம்தான் அதற்கு இல்லை.

புகாரும் வழக்கும்

பஞ்சுல் ஆணையத்துக்கு யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். பாதிக்கப்பட்டவரே கொடுக்க வேண்டும் என்றில்லை, வழக்கறிஞர் கட்டாயமில்லை. ஆனால் ஆப்பிரிக்க சாசனத்தின் 56-வது பிரிவில் ஏழு நிபந்தனைகள் உண்டு. அவற்றில் மூன்றுதான் பெரும்பாலும் ஆளைக் கவிழ்க்கும்.

முதலாவது, உள்நாட்டில் உள்ள சட்ட வழிகள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு வர வேண்டும். காம்பியாவின் முன்னாள் அதிபர் ஜவாரா தொடுத்த வழக்கில் 2000-ல் ஆணையம் இதற்கு அளவுகோல் வகுத்தது: அந்த வழி நடைமுறையில் கிடைக்கக் கூடியதாக, பலன் தரக் கூடியதாக, போதுமானதாக இருக்க வேண்டும். அப்படி இல்லையென்றால் முடிக்கத் தேவையில்லை. ஆனால் இல்லை என்று நிரூபிப்பது உங்கள் வேலை. ‘எங்கள் நீதிமன்றங்கள் ஊழல்’ என்று பொதுவாக எழுதினால் போதாது. எந்த நீதிமன்றம், எந்த வழக்கு, எத்தனை ஆண்டாக ஒத்திவைப்பு என்று தேதியோடு காட்ட வேண்டும்.

இரண்டாவது, நியாயமான காலத்துக்குள். எத்தனை மாதம் என்று சாசனம் சொல்லவில்லை. ஜிம்பாப்வே தொடர்பான மஜூரு வழக்கில் 22 மாதத் தாமதம் அதிகம் என்று ஆணையம் கதவைச் சாத்தியது. மாலி வழக்கில் நீதிமன்றம் சுமார் நாலரை ஆண்டைப் பொறுத்துக்கொண்டது. அந்தத் தாராளத்தை நம்பி இருக்காமல், உள்நாட்டுத் தீர்ப்பு வந்து ஆறு மாதத்துக்குள் அனுப்பிவிடுவதே பாதுகாப்பு.

மூன்றாவது, வசைமொழி கூடாது. இது பலருக்கும் ஆச்சரியம். கேமரூன் மனித உரிமைக் கழகம் கொண்டுவந்த ஒரு பழைய புகாரில் சித்திரவதை பற்றிய கடுமையான குற்றச்சாட்டுகள் இருந்தன. ‘சித்திரவதைக்காரர்களின் ஆட்சி’ என்பது போன்ற சொற்களுக்காகவே அது தள்ளுபடியானது. கோபம் நியாயமாகவே இருக்கட்டும். மனுவில் தேதியும் இடமும் காயமும் பேசினால் போதும். பத்திரிகைச் செய்திகளை மட்டும் நம்பி எழுதுவதும் கூடாது; சாட்சியோ ஆவணமோ சேர்க்க வேண்டும்.

தான்சானியாவின் அருஷாவில் இருக்கும் ஆப்பிரிக்க நீதிமன்றம் வேறு விதம். அதன் நெறிமுறை 1998-ல் ஏற்கப்பட்டு 2004-ல் அமலானது. தனிநபரும் அமைப்பும் நேரடியாக வழக்குப் போட, அந்த நாடு 34(6) பிரிவின்கீழ் தனியாக ஓர் அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்த நாடுகள் சிலவே. கொடுத்ததைத் திரும்பப் பெற்றவையும் உண்டு. ருவாண்டா 2016-ல், தான்சானியா 2019-ல், பெனினும் ஐவரி கோஸ்டும் 2020-ல், துனிசியா 2025-ல். நீதிமன்றத்துக்கு வீடு கொடுத்திருக்கும் தான்சானியாவே தன் குடிமக்களுக்குக் கதவைச் சாத்தியிருக்கிறது. திரும்பப் பெற்றாலும் ஓராண்டு கழித்தே அது செல்லும். நிலுவை வழக்குகளைத் தொடாது.

முன்வாசல் சாத்தியிருந்தாலும் ஆணையத்தின் வழியாகப் போகலாம். கென்யா அந்த அறிவிப்பைக் கொடுத்ததில்லை. ஆனாலும் மாவ் காட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட ஓகியெக் மக்களின் வழக்கை ஆணையமே 2012-ல் நீதிமன்றத்துக்கு அனுப்பியது.

மேற்கு ஆப்பிரிக்காவில் இன்னும் எளிய வழி இருக்கிறது. அபுஜாவில் உள்ள மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரக் கூட்டமைப்பின் நீதிமன்றத்தில், உள்நாட்டு வழிகளை முடிக்காமலே நேரடியாக வழக்குப் போடலாம். கர்ப்பிணி மாணவிகளைப் பள்ளிக்கு வரக் கூடாது என்று சியேரா லியோன் 2015-ல் விதித்த தடையை அந்த நீதிமன்றம் 2019 டிசம்பரில் சட்டவிரோதம் என்றது. 2020 மார்ச்சில் அரசு தடையை நீக்கியது. இந்தத் துறையில் நான்கு மாதத்துக்குள் பலன் கிடைப்பது அபூர்வம். ஆனால் 2025 ஜனவரியில் மாலி, புர்கினா பாசோ, நைஜர் மூன்றும் அந்தக் கூட்டமைப்பை விட்டு விலகிவிட்டன; அந்நாட்டு மக்கள் இழந்தவற்றில் இந்தக் கதவும் ஒன்று. தெற்கில் இன்னும் மோசம்: ஜிம்பாப்வேயின் நிலப் பறிமுதலுக்கு எதிராக 2008-ல் தீர்ப்பளித்த பிராந்திய நடுவர் மன்றத்தை உறுப்பு நாடுகளே 2010-ல் முடக்கிவிட்டன.

தீர்ப்புக்குப் பின்

தீர்ப்பை மதிக்காத நாட்டின் பெயரை நீதிமன்றம் தன் ஆண்டறிக்கையில் எழுதி ஒன்றியத்தின் பேரவைக்கு அனுப்ப வேண்டும் என்று நெறிமுறையின் 31-வது பிரிவு சொல்கிறது. ஒன்றியத்தின் முடிவுகளை மீறும் நாட்டுக்குத் தடை விதிக்க அதன் அமைப்புச் சட்டம் 23(2) இடம் தருகிறது. ராணுவம் ஆட்சியைப் பிடித்தால் ஒன்றியம் பெரும்பாலும் உடனே அந்த நாட்டை இடைநீக்கம் செய்கிறது. மனித உரிமைத் தீர்ப்பு என்று வந்தால் அந்த வேகத்தைக் காண முடிவதில்லை. பேரவையில் உட்கார்ந்திருப்பவர்களும் நாளை அதே பட்டியலில் வரக்கூடியவர்கள்தானே.

அதனால் தீர்ப்பைச் செயல்படுத்தும் வேலை உள்நாட்டுக்கே திரும்பி வருகிறது. ஓகியெக் வழக்கில் 2017 மே 26-ல் தீர்ப்பு வந்தது: கென்யா அந்த மக்களின் நில உரிமை, பண்பாட்டு உரிமை உட்பட ஆப்பிரிக்க சாசனத்தின் பல பிரிவுகளை மீறியது. 2022 ஜூன் 23-ல் இழப்பீட்டுத் தீர்ப்பு: பொருள் இழப்புக்கு 5 கோடியே 78 லட்சத்து 50 ஆயிரம் கென்ய ஷில்லிங், மன வேதனைக்கு 10 கோடி, மூதாதையர் நிலத்துக்கு எல்லை குறித்துக் கூட்டுப் பட்டா, சமூக வளர்ச்சி நிதி ஒன்று. எல்லாவற்றுக்கும் காலக்கெடுவும் விதித்தது. 2023 நவம்பரில் மாவ் காட்டில் மறுபடியும் வீடுகள் இடிக்கப்பட்டன.

இப்படி ஒரு தீர்ப்பைக் கையில் வைத்திருப்பவர் பார்க்க வேண்டிய ஆவணம் தேசிய பட்ஜெட் மதிப்பீடுதான். கென்யாவில் நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. மதிப்பீடுகள் குறைந்தது இரண்டு மாதத்துக்கு முன், அதாவது ஏப்ரல் 30-க்குள், தேசிய சபைக்கு வந்தாக வேண்டும். அவற்றை ஆராயும் குழு பொதுமக்களின் கருத்தைக் கேட்டே ஆக வேண்டும் என்று கென்ய அரசியல் சாசனத்தின் 221-வது பிரிவு சொல்கிறது. தீர்ப்பில் சொன்ன 15 கோடியே 78 லட்சத்து 50 ஆயிரம் எந்தத் தலைப்பின்கீழ் இருக்கிறது என்று மே மாதத்தில் அந்தக் குழுவிடம் எழுத்தில் கேட்கலாம். இல்லை என்று பதில் வந்தால், அந்தப் பதிலே அருஷாவுக்கு அனுப்ப வேண்டிய அடுத்த ஆதாரம்.